அசலம் அசையும்

விருத்தாசலம் என்னும் பெயரைப் பிரித்துப் பார்த்தால் அதனுள்ளே ஓர் உறுதிமொழி இருப்பது தெரியும். 'சல' என்பது அசைவைக் குறிக்கும் வேர். அசையாதது எதுவோ அது அசலம், ஆகவே மலை. முதுமையான, அசையாத ஒன்று விருத்தாசலம். வடமொழிப் பெயர் வருவதற்கு முன்னும் பொருள் அதுவே: முதுகுன்றம், பழமலை. திருவண்ணாமலைக்கும் முந்திய மலை இது என்று தலபுராணம் சொல்லும். மணிமுத்தாற்றங்கரையில் நின்று பழமலைநாதரின் கற்கோயிலைப் பார்க்கும் எவருக்கும் அந்தப் பெயர் பொருத்தமானதாகவே படும்.

ஊரின் பெயராக இருக்கும்வரை இதில் நமக்கு வழக்கு ஏதுமில்லை. பெயரே வாதமாக மாறும்போதுதான் வழக்குத் தொடங்குகிறது. எங்கேனும் நிலம் நடுங்கிய செய்தி வந்துவிட்டால் போதும், நம் மேடைகளிலும், வார இதழ்களின் ஆன்மிகப் பக்கங்களிலும், இப்போது கைபேசிகளிலும் மூன்று வாசகங்கள் தவறாமல் புறப்பட்டு வருகின்றன. ஒன்று: இங்கெல்லாம் வராது, இது பழைய பாறை. இரண்டு: நம் முன்னோர் இதையெல்லாம் அன்றே கணித்துவிட்டார்கள். மூன்று: பாவம் பெருகிவிட்டது, பூமாதேவி பொறுக்கமாட்டாள். வருந்தத்தக்கது என்னவென்றால், இவற்றைச் சொல்வோரில் கணிசமானோர் தமிழ் படித்தவர்கள். நம்மோடு ஒரே அரங்கில் அமர்ந்து கவிதையும் காப்பியமும் பேசுகிறவர்கள். இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து மறுப்பது இலக்கியம் பேசுகிறவர்களின் கடமையுந்தான் என்று நாம் கருதுகிறோம். ஏனெனில் மூன்றும் மொழியின் பேரால், மரபின் பேரால் சொல்லப்படுகின்றன.

சூளையைக் கேளுங்கள்

நிலநடுக்கம் எப்படி உண்டாகிறது என்பதை அறிந்துகொள்ள நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. நமது ஊர் பீங்கான் ஊர். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கும் களிமண்ணும் பண்ணுருட்டிப் பக்கத்து மண்ணும் இங்கே பொம்மையாகவும் விளக்காகவும் பாத்திரமாகவும் மாறுகின்றன. சூளையிலிருந்து எடுத்து ஆறவைத்த ஒரு பாத்திரத்தின் பளபளப்பான மேற்பூச்சில், சில நாள் கழித்துக்கூட, யாரும் தொடாமலே மயிரிழை போன்ற விரிசல் விழுவதுண்டு. விழும்போது மெல்லிய 'டிங்' என்ற ஒலியும் எழும். காரணம் எளிது. ஆறும்போது பூச்சு ஓர் அளவிலும் அடியிலுள்ள மண்ணுடல் வேறோர் அளவிலும் சுருங்குகின்றன. இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால் தன் விருப்பப்படி சுருங்கமுடியாத பூச்சு இழுபட்டு நிற்கிறது. அந்த இழுவிசை கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்திருக்கிறது. தாங்கும் எல்லை கடந்த கணத்தில் விரிசல் ஓடுகிறது. காரணம் நெடுநாளாக இருந்தது. நிகழ்ச்சி ஒரு நொடியில் முடிந்தது.

இதையே கண்டத்தின் அளவுக்குப் பெரிதாக்கிக் கொள்ளுங்கள். பூமியின் மேலோடு ஒரே வார்ப்பன்று; பல தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கின்றன. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. நம் கைந்நகம் வளரும் வேகத்தைச் சற்றே மிஞ்சிய வேகம். ஆனால் தட்டுகளின் விளிம்பில் பாறையும் பாறையும் உரசிப் பூட்டிக்கொண்டிருக்கின்றன. உள்ளே நகர்ச்சி நிற்பதில்லை, விளிம்போ விடுவதில்லை. இடையிலுள்ள பாறை வில்லைப்போல் வளைகிறது. பூட்டு தாங்காத நாளில் பாறை பெயர்ச்சிப் பிளவின் வழியே திடீரென நழுவி நிமிர்கிறது. அந்த நிமிர்வில் வெளிப்படும் அலைகளே நிலநடுக்கம்.

1906 ஏப்ரல் 18 அன்று சான்பிரான்சிஸ்கோ நகரம் இடிந்தது. நேராகப் போடப்பட்டிருந்த வேலிகள் பிளவுக்கு இருபுறமும் பல அடி விலகிக் கிடந்ததை அளந்து பார்த்த ஹாரி ஃபீல்டிங் ரீட், மேற்சொன்ன விளக்கத்தை 1910இல் முன்வைத்தார். அதே 1906இல், இந்திய நிலவியல் துறையில் பணியாற்றிய ரிச்சர்டு ஓல்டாம், நிலநடுக்க அலைகள் பூமியின் ஊடே செல்லும் விதத்தைக் கொண்டு பூமிக்கு ஒரு தனி உட்கரு உண்டென்று காட்டினார். 1897இல் அசாமை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர் அவர். சான்பிரான்சிஸ்கோ நடுங்கிய ஏழாம் நாள், ஏப்ரல் 25இல், நம் மாவட்டத்துத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு குழந்தை பிறந்தது. விருத்தாசலம் என்று பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் புதுமைப்பித்தன் என்று அறியப்பட்ட அவர், அசையாதவை என்று தமிழர் நம்பிய பலவற்றையும் அசைத்துப் பார்த்தவர். அவருக்கு விழா எடுப்பவர்களே "அசலம் அசையாது" என்று பேசுவது விந்தையாக இருக்கிறது.

"இங்கெல்லாம் வராது"

முதல் வாசகத்துக்கு வருவோம். இதில் பாதி உண்மை இருப்பதுதான் இதன் ஆபத்து. உலகின் பெரிய நிலநடுக்கங்களில் ஐந்தில் நான்கு பங்கு பசிபிக் பெருங்கடலைச் சுற்றிய விளிம்பில் தோன்றுகின்றன. எஞ்சியவற்றில் பெரும்பகுதி இமயம் முதல் துருக்கி, மத்தியதரைக்கடல் வரை நீளும் பட்டையில் தோன்றுகின்றன. தமிழகம் எந்த விளிம்பிலும் இல்லை. தட்டின் நடுப்பகுதியில் இருக்கிறது. ஆகவே இங்கே பெரிய நிலநடுக்கம் அரிது. இதுவரை சரி. 'அரிது' என்பதை 'வராது' என்று மாற்றிக்கொள்வதில்தான் பிழை.

1993 செப்டம்பர் 30 அதிகாலை மராட்டிய மாநிலத்து லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரி என்னும் ஊர் அழிந்தது. அதுவும் தட்டின் நடுப்பகுதி. அதுவும் பழைய பாறை. அன்றைய நிலநடுக்க வரைபடத்தில் மிகக் குறைந்த ஆபத்துள்ள முதலாம் மண்டலம். அளவு 6.2தான். இறந்தவர்கள் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர். மண்குழைத்து அடுக்கிய பெருங்கல் சுவர்கள் உறங்கியவர்களின்மேல் விழுந்தன. 2002இல் இந்திய மண்டல வரைபடம் திருத்தப்பட்டபோது முதலாம் மண்டலம் என்பதே நீக்கப்பட்டது. நிலநடுக்கமே வராத இடம் என்று நாட்டில் எதையும் குறிக்க வல்லுநர்கள் துணியவில்லை என்பதே அதன் பொருள். அதே திருத்தத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது.

தமிழகத்தின் கணக்கையே பாருங்கள். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் தோன்றிய நிலநடுக்கம் தென்னிந்தியாவெங்கும் உணரப்பட்டது. அதன் அளவு 6ஐ ஒட்டியது என மதிப்பிடப்படுகிறது. 2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணியளவில் புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் தோன்றிய நிலநடுக்கத்தின் அளவு 5.5. கடலூரிலும் புதுச்சேரியிலும் சென்னையிலும் மக்கள் வீதிக்கு ஓடிவந்தார்கள். அது சுமத்ராவிலிருந்து வந்த அதிர்வு அன்று. நம் கரைக்கு அருகே தோன்றியது. குஜராத்தின் புஜ் நிலநடுக்கத்துக்கு அப்போது எட்டு மாதமே ஆகியிருந்தது. அந்த எட்டு மாதமும் "குஜராத் வேறு, நம் நிலம் வேறு" என்றே இங்கு பேசப்பட்டது.

"பழைய பாறை" என்ற சொல்லாட்சியும் நமது ஊரைப் பொறுத்தவரை அரைகுறையானது. விருத்தாசலத்துக்கு மேற்கே தொன்மையான படிகப் பாறைகள் உள்ளன என்பது மெய்யே. ஆனால் ஊரைச் சுற்றியும் கிழக்கேயும் கிடப்பவை கடல் படிவுகளும் கடலூர் மணற்கல்லும். புதுச்சேரி, விருத்தாசலம், அரியலூர் என்று நிலவியலாளர் சேர்த்தே பேசும் கிரெட்டேசியஸ் காலப் பாறைகளில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. இந்நிலத்தின்மேல் கடல் கிடந்திருக்கிறது. தென்கண்டங்கள் ஒன்றாக இருந்து பின் பிரிந்தபோது இந்தக் கரையோரம் இழுபட்டுப் பிளந்து, பள்ளங்களும் மேடுகளுமாக இறங்கியது. அப்பள்ளங்களில் வண்டல் நிறைந்ததே இன்றைய காவிரிப் படுகை. அந்தப் பழைய பிளவுகள் வண்டலுக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. அசலம் என்று நாம் பெயரிட்டது, பலமுறை அசைந்து வந்து சற்றே இளைப்பாறும் நிலத்துக்கு.

பழைய கோயில்கள் நிற்கின்றனவே என்பார்கள். நிற்கின்றன, மகிழ்ச்சி. நம் கோயிலைச் செம்பியன் மாதேவியார் கற்றளியாக்கியது பத்தாம் நூற்றாண்டில். அது நின்றிருப்பது இந்த ஆயிரம் ஆண்டில் இவ்விடத்தில் கடும் நிலநடுக்கம் நேரவில்லை என்பதற்குச் சான்றாகலாம். இனி நேராது என்பதற்குச் சான்றாகாது. விழுந்த கோயில்கள் சாட்சி சொல்ல வருவதில்லை. 2015 ஏப்ரலில் நேபாளத்தில் பல நூற்றாண்டு நின்ற ஆலயங்கள் ஒரு நிமிடத்துக்குள் குவியலாயின. அவற்றைக் கட்டியவர்களும் பக்தியிலோ திறமையிலோ குறைந்தவர்கள் அல்லர்.

"அன்றே கணித்துவிட்டார்கள்"

இரண்டாம் வாசகத்துக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் சான்று வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை. அந்நூலில் நிலநடுக்கத்தைப் பற்றி ஓர் அத்தியாயம் இருப்பது உண்மை. அதைப் படித்தவர்கள் குறைவு. நீரில் வாழும் பேருயிர்களின் அசைவால் என்று சிலர் சொல்வதாகவும், நிலத்தைத் தாங்கிக் களைத்த திசையானைகள் இளைப்பாறுவதால் என்று சிலர் சொல்வதாகவும், காற்றும் காற்றும் மோதுவதால் என்று வேறு சிலர் சொல்வதாகவும், கண்ணுக்குப் புலனாகாத வினைப்பயனால் என்று மற்றும் சிலர் சொல்வதாகவும் அவர் அடுக்குகிறார். தன் காலத்துக் கருத்துகள் பலவாக இருந்தன என்று ஒளிக்காமல் எழுதிய அந்த நேர்மையை நாம் வணங்குகிறோம். பூமிக்குள் அடைபட்ட காற்றே காரணம் என்று அரிஸ்டாட்டிலும் கருதினார். அறியாத ஒன்றைப் பற்றி அறிவாளிகள் ஊகித்தார்கள், அதில் இழுக்கில்லை. ஆனால் அந்த நான்கு ஊகங்களை மறைத்துவிட்டு "எல்லாம் அதில் இருக்கிறது" என்று சொல்கிறவர்கள் வராகமிகிரரைத்தான் முதலில் அவமதிக்கிறார்கள்.

பஞ்சாங்கமும் தொலைக்காட்சியும் பார்த்து நாள் குறிப்பவர்கள் வேறு வகை. அவர்களுடைய வெற்றியின் இரகசியம் எளிய கணக்கு. உலகில் 7 அளவும் அதற்கு மேலுமான நிலநடுக்கங்கள் ஆண்டுக்குச் சராசரியாகப் பதினைந்து நிகழ்கின்றன. 6 அளவுக்கு மேற்பட்டவை நூற்றுக்கும் அதிகம். "இந்தக் கிரகச் சேர்க்கையை ஒட்டிப் பதினைந்து நாளுக்குள் கிழக்கே ஓரிடத்தில் நிலம் நடுங்கும்" என்று யார் எந்த நாளில் சொன்னாலும் பலித்தே தீரும். எந்த இடம், எந்த நாள், எந்த அளவு என்று மூன்றையும் சொல்லுங்கள் என்றால் பேச்சு நின்றுவிடும். கோள்களின் ஈர்ப்பு என்பதும் அப்படித்தான். நிலவின் இழுவிசைக்கு முன்னே மற்ற கோள்களின் இழுவிசை பொருட்படுத்தத் தக்கதன்று. அந்த நிலவோ நாள்தோறும் நம் தலைக்குமேல்தான் போய்வருகிறது.

அறிவியலாளர்களுக்கும் முன்கூட்டிச் சொல்லத் தெரியவில்லையே என்று கேட்பார்கள். தெரியவில்லை, அதை அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். 1975 பிப்ரவரியில் சீனாவின் ஹைசெங் நகரில் முன்னதிர்வுகளைக் கண்டு மக்களை வெளியேற்றினார்கள். பல்லாயிரம் உயிர் தப்பியது. அடுத்த ஆண்டே, 1976 ஜூலை 28இல், டாங்ஷான் நகரம் எந்த அறிகுறியும் காட்டாமல் தரைமட்டமாகி, அரசுக் கணக்குப்படியே இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் பேர் மாண்டனர். ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு கடை விரிக்காமல் தோல்வியையும் சேர்த்து எழுதிவைப்பதே அறிவியல். எங்கே வரக்கூடும், எவ்வளவு பெரிதாக வரக்கூடும், வந்தால் எந்தச் சுவர் விழும் என்று சொல்ல அதனால் இயலும். என்றைக்கு என்பது மட்டும் இயலாது.

இந்த இடத்தில் நம் ஊர்க் கதை ஒன்றையே துணைக்கு அழைக்கிறோம். சுந்தரர் முதுகுன்றத்தில் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டு ஆரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது பலரும் அறிந்தது. ஆற்றில் இடுவதற்கு முன் அதில் ஒரு துண்டை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார் என்றும், குளத்தில் எடுத்த பொன்னை அதனோடு ஒப்பிட்டு மாற்றுரைத்துப் பார்த்தார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. இறைவனே கொடுத்த பொன்னையும் உரைத்துப் பார்த்து ஏற்ற மரபு நமது. கைபேசியில் வந்த செய்தியை உரைக்காமல் ஏற்பது எந்த மரபு?

"பாவத்துக்குத் தண்டனை"

மூன்றாம் வாசகத்தைச் சொன்னவர்களில் மிகப் பெரியவரை எடுத்துக்கொண்டால்தான் மறுப்பு நேர்மையாக இருக்கும். 1934 ஜனவரி 15 அன்று பீகாரும் நேபாளமும் நடுங்கிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போது காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழகத்தில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில், தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனையே இந்தப் பூகம்பம் எனத் தாம் நம்புவதாகக் கூறினார். அவருடைய நோக்கம் உயர்ந்தது; அவர் எதிர்த்த கொடுமை மெய்யானது. எனினும் தாகூர் அதை வெளிப்படையாக மறுத்தார். இயற்கை நிகழ்ச்சியை அறத்தின் கணக்கில் எழுதுவது பகுத்தறிவுக்குப் பகையான மனநிலையை வளர்க்கும் என்பது அவர் வாதம். அந்த மறுப்பைக் காந்தி தமது 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார்.

அந்த விவாதத்தில் நாம் தாகூரின் பக்கம். இன்னொரு காரணத்தையும் சேர்த்துக்கொள்கிறோம். நிலநடுக்கம் பாவிகளைத் தேர்ந்தெடுப்பதில்லை. பலவீனமான சுவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. பலவீனமான சுவருக்குள் இருப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள். பீகாரில் தீண்டாமையால் துன்புற்றவர்களின் குடிசையும்தான் சரிந்தது. தண்டனை என்று சொன்ன கணமே, சுவரை எழுப்பிய ஒப்பந்ததாரரும் அதற்கு ஒப்புதல் அளித்த அலுவலரும் குற்றக்கூண்டிலிருந்து இறங்கிப் போய்விடுகிறார்கள். செத்தவன் ஏறி நிற்கிறான்.

கடல்கோள் என்னும் சொல்

இனி நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் வழக்கு. இதற்காகத்தான் இவ்வளவும் எழுத நேர்ந்தது.

2004 டிசம்பர் 26 காலை இந்திய நேரம் 6 மணி 29 நிமிடத்துக்குச் சுமத்ராவின் வடமேற்கே கடலடியில் இந்தியத் தட்டு கீழே நுழையும் விளிம்பின் பூட்டு விட்டது. அளவு 9.1. பிளவு அந்தமானைத் தாண்டி வடக்கே ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் கிழிந்தது. சில இடங்களில் பாறை பதினைந்து மீட்டர் அளவுக்கு நழுவியது. ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் என்று வைத்தால் அது முந்நூறு ஆண்டுச் சேமிப்பு. கடலடி மேலெழுந்தது; அதன்மேல் நின்ற நீர் முழுவதும் தூக்கப்பட்டது. அதிர்வு சில நிமிடங்களில் சென்னைக்கு வந்துவிட்டது, பலர் உணர்ந்தார்கள். அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரம் நம்மிடம் இருந்தது. நாம் அதை ஒன்றும் செய்யவில்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ அறுநூறு பேர் இறந்தார்கள். நாகப்பட்டினத்தில் அதன் பல மடங்கு.

உலகில் 'கடல்கோள்' என்று ஒரு தனிச்சொல்லைப் பழங்காலம் முதல் வைத்திருந்த இனம் நாம். சிலப்பதிகாரம் பேசுகிறது, கலித்தொகை பேசுகிறது, இறையனார் களவியல் உரையும் அடியார்க்குநல்லாரும் விரித்துரைக்கிறார்கள். அச்சொல்லை வைத்து நூறு ஆண்டுகளாக நாம் செய்தது என்ன? கடலில் அமிழ்ந்த ஒரு கண்டத்தின் பரப்பை விரித்துக்கொண்டே போனோம். 1864இல் பிலிப் ஸ்கிலேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த உயிரினங்கள் இருப்பதை விளக்க 'லெமூரியா' என்றொரு நிலப்பரப்பை ஊகித்தார். கண்டங்கள் நகரும் என்று வெகனர் 1912இல் சொல்லி, 1960களில் கடலடி ஆய்வுகள் அதை உறுதிப்படுத்திய பிறகு அந்த ஊகத்துக்குத் தேவையே இல்லாமற்போயிற்று. நிலங்கள் விலகியிருக்கின்றன, கண்டம் அமிழவில்லை. நிலநடுக்கம் எங்கே, ஏன் தோன்றுகிறது என்று விளக்கும் அதே தட்டுக் கொள்கைதான் லெமூரியாவையும் முடித்துவைத்தது. ஒன்றை ஏற்று மற்றதை மறுக்க வழியில்லை. பனியுகத்தின் முடிவில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்ததும், கரையோர நிலங்கள் கடலுக்குள் போனதும் மெய். பஃறுளியாற்றின் நினைவில் அத்தகைய ஓர் இழப்பின் எதிரொலி இருக்கக்கூடும் என்பதை நாம் மறுக்கவில்லை. கண்டத்தை மறுக்கிறோம்.

இப்போது சுமத்ராவுக்கு அருகே உள்ள சிமெலூ என்னும் சிறு தீவைப் பாருங்கள். அங்கே 'ஸ்மோங்' என்று ஒரு சொல் உண்டு. 1907இல் பேரலை வந்து அத்தீவினர் பலரைக் கொண்டுபோனது. எஞ்சியவர்கள் அதைத் தாலாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். அச்சொல்லுக்குள் ஓர் ஏவல் இருந்தது: நிலம் பலமாக நடுங்கிக் கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. 2004இல் அலை அத்தீவை அடையப் பத்து நிமிடமே இருந்தது. எந்தக் கருவியும் எச்சரிக்கவில்லை. ஒருவர் 'ஸ்மோங்' என்று கத்தினால் போதுமானதாக இருந்தது. ஏறத்தாழ எழுபத்தெட்டாயிரம் பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்.

அவர்களுடைய சொல்லின் வயது தொண்ணூற்றேழு ஆண்டு. நம்முடையது அதைப்போல் பல மடங்கு. அவர்கள் சொல் உயிரைக் காத்தது. நம் சொல் பெருமையைக் காத்தது. அன்று நம் கரையில் கடல் உள்வாங்கியபோது மக்கள் வேடிக்கை பார்க்கவும் மீன் பொறுக்கவும் இறங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. 'கடல்கோள்' என்ற சொல்லைப் புலவர்களின் பட்டிமன்றத்தில் பூட்டிவைத்தவர்கள் நாம். அது மீனவக் குப்பத்தின் பேச்சில் இல்லை, பள்ளிப் பாடத்திலும் எச்சரிக்கையாக இல்லை. நிகழ்ந்ததற்குப் பெயரிடக்கூட அடுத்த நாள் நாம் ஜப்பானியச் சொல்லைத்தான் கடன் வாங்கினோம். கடன் வாங்கியதில் தவறில்லை. ஜப்பானியர் அச்சொல்லோடு ஓடும் வழியையும் சேர்த்து வைத்திருந்தார்கள்.

சொல்லில் வேண்டும் செம்மை

ஆகவே நாம் கேட்பவை இரண்டே.

முதலாவது எழுதுகிறவர்களிடம். நிலநடுக்கத்தைப் பற்றி எழுதும்போது சொல்லைச் செம்மையாகப் பயன்படுத்துங்கள். "ரிக்டர் அளவுகோலில்" என்று இன்றும் நாளேடுகள் எழுதுகின்றன. ரிக்டர் 1935இல் வகுத்த அளவு பெரிய நிலநடுக்கங்களுக்குப் பொருந்தாது என்பதால் 1979 முதல் வேறு அளவுமுறை வழக்குக்கு வந்துவிட்டது. அளவு வேறு, தாக்கம் வேறு. அளவு என்பது தோன்றிய இடத்தில் வெளிப்பட்ட ஆற்றலைப் பற்றியது. ஒரு நிலநடுக்கத்துக்கு ஒரே அளவுதான். தாக்கம் ஊருக்கு ஊர் மாறும். அளவில் ஓர் எண் கூடினால் ஆற்றல் ஏறத்தாழ முப்பத்திரண்டு மடங்கு. இரண்டு எண் கூடினால் ஆயிரம் மடங்கு. அதுபோலவே "மையம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். பாறை நழுவத் தொடங்கிய ஆழத்திலுள்ள புள்ளி ஒன்று. அதற்கு நேர்மேலே தரையில் உள்ள புள்ளி மற்றொன்று. ஆழம் பத்து கிலோமீட்டரா நூறு கிலோமீட்டரா என்பதில்தான் மேலே இருப்பவரின் விதி இருக்கிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியும் பேரலை வரவில்லை. அன்று பாறைகள் பக்கவாட்டில் நழுவின, நீரைத் தூக்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை எழுதியிருந்தால் வாசகருக்கு எவ்வளவு தெளிவு கிடைத்திருக்கும்! மாறாக நாம் கிடைத்த இடத்திலெல்லாம் "அரசியலில் பூகம்பம்" என்று எழுதி, அந்தச் சொல்லை ஒரு கட்சித் தாவலின் எடைக்குக் குறைத்து வைத்திருக்கிறோம்.

இரண்டாவது ஊரை ஆள்கிறவர்களிடமும் வீடு கட்டுகிறவர்களிடமும். கில்லாரியில் கொன்றது 6.2 அளவு அதிர்வன்று, சுவர். 2001இல் புஜ்ஜிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. கீழ்த்தளத்தை வாகனம் நிறுத்தத் திறந்துவிட்டு வெறும் தூண்களில் நின்ற கட்டடங்கள் அவற்றில் பல. அத்தகைய கட்டடங்கள் இன்று நம் சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டன. நம் ஊரிலோ செங்கல் சுவர் வீடுகள், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகள், பழைய பள்ளிக் கட்டடங்கள், புகைபோக்கிகள். செங்கல் வீட்டில் அடித்தளத்திலும் வாசல் மேல்மட்டத்திலும் கூரை மட்டத்திலும் சுவரைச் சுற்றிக் கம்பியிட்ட கான்கிரீட் பட்டை ஓட்டி, மூலைகளில் செங்குத்தாகக் கம்பி வைத்தால், நான்கு சுவரும் நான்கு திசையில் பிரிந்து விழாமல் ஒரு பெட்டிபோல் சேர்ந்து நிற்கும். கொத்தனார் அறிந்த வேலைதான். மொத்தச் செலவில் அது ஒரு சிறு பகுதி. சிக்கனம் என்று அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். வாசற்படிக்குப் பளிங்கு மட்டும் குறைவதில்லை. இருக்கும் பள்ளிக் கட்டடங்களையேனும் ஆய்ந்து வலுப்படுத்தச் சொல்லி நம் ஊர் மன்றங்கள் ஒரு தீர்மானம் போடக்கூடாதா?

சுரங்கமே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்வோருக்கும் ஒரு சொல். நெய்வேலியின் திறந்தவெளிச் சுரங்கம் நூறு மீட்டர் கணக்கில் ஆழமுள்ளது. நிலநடுக்கங்கள் தோன்றுவது கிலோமீட்டர் கணக்கில். வெடிவைப்பின் அதிர்வு வேறு, நிலநடுக்கம் வேறு. அதற்காக மனிதச் செயல் நிலநடுக்கத்தைத் தூண்டவே தூண்டாது என்பதும் பொய். மராட்டியத்தின் கொய்னாவில் அணை நிரம்பிய பின் 1967 டிசம்பரில் நேர்ந்த நிலநடுக்கம் அதற்குச் சான்று. இரண்டுக்கும் வழி ஒன்றே: கருவி வைத்து அளக்கவேண்டும், அளந்ததை மக்களுக்குச் சொல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கொடைக்கானலில் நிலநடுக்கமானி வைத்த நாடு இது. அளப்பது நமக்குப் புதிதன்று.

நம் முன்னோரை நாம் சிறுமைப்படுத்துவதாகச் சிலர் கோபிக்கக்கூடும். முன்னோர் தம் காலத்தில் அறிந்ததை எழுதிவைத்தார்கள்; அறியாததை ஊகம் என்று எழுதிவைத்தார்கள். அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற கடல்கோள் என்ற சொல்லுக்குள் ஓர் ஏவலை வைப்பது இனி நம் வேலை. நிலம் நெடுநேரம் நடுங்கினால், கடல் பின்வாங்கினால், மேட்டுக்கு ஓடு. இதைத் தாலாட்டாக எழுதக்கூடிய கவிஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எழுதட்டும், கரையோரப் பள்ளிகளில் அது பாடப்படட்டும். கடல் கொண்ட கண்டத்தைப் பற்றிய அடுத்த சொற்பொழிவை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.